சுகாதாரப் பராமரிப்பு நிர்வாகத்தில் முதுநிலைப் படிப்பு: சிங்கப்பூரில் புதிதாகத் தொடங்குவோருக்கு

சிங்கப்பூர் மருத்துவமனை ஒன்றில் பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தாதியாக இருந்துவிட்டு, பகுதிநேரமாகச் சுகாதாரப் பராமரிப்பு நிர்வாகம் படித்து, இன்று செயல்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். இதே பாதையில் வர விரும்பும் தமிழ் இளையர்கள், நடுவயதில் துறை மாற நினைப்பவர்கள், தமிழ்நாட்டிலிருந்து இங்கு வந்து படிக்க எண்ணுபவர்கள் எனப் பலர் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றுக்கான விடைகளை, படிப்பில் சேர்வது முதல் வேலையில் அமர்வது வரை, ஒருவர் நடக்க வேண்டிய வரிசையிலேயே இங்கு எழுதுகிறேன்.

இந்தப் படிப்பில் எனக்கு மிகவும் பயன்பட்டது ஒரே ஒரு பார்வை. மருத்துவமனையில் தவறுகளும் தாமதங்களும் வீண்செலவும் பெரும்பாலும் ஒரு தனி மனிதரின் வேலைக்குள் நிகழ்வதில்லை. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு நோயாளியின் பொறுப்பு மாறும் இடத்தில்தான் நிகழ்கின்றன. வார்டிலிருந்து மருந்தகத்துக்கு, இரவுப் பணியிலிருந்து காலைப் பணிக்கு, மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு. அந்த இடங்களைக் காணவும், அளக்கவும், செப்பனிடவும் கற்றுக்கொள்வதே நிர்வாகம் என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன். கீழே வரும் ஒவ்வோர் அறிவுரையும் அதை ஒட்டியதுதான்.

எதற்காகப் படிக்கிறீர்கள்

விண்ணப்பப் படிவத்தைத் திறப்பதற்கு முன் இதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மருத்துவராகவோ தாதியாகவோ மருந்தாளராகவோ இருப்பவர், தம் பிரிவை வழிநடத்தும் பொறுப்பு வந்துவிட்டதால் படிக்க விரும்பலாம். அவருக்கு நோயாளியைத் தெரியும், கணக்கும் ஆள் மேலாண்மையும் தெரியாது. வங்கியிலோ தளவாடத் துறையிலோ இருந்து வருபவருக்குக் கணக்கு தெரியும், வார்டின் ஒரு நாள் எப்படி நகர்கிறது என்பது தெரியாது. இளநிலைப் பட்டம் முடித்த கையோடு வருபவருக்கு இரண்டுமே புதியவை. இம்மூவருக்கும் ஒரே படிப்பு பொருந்தாது. மூன்றாம் வகையினருக்கு என் வெளிப்படையான ஆலோசனை: ஓராண்டாவது ஒரு மருத்துவமனையிலோ பலதுறை மருந்தகத்திலோ (பாலிகிளினிக்) முதியோரைப் பராமரிக்கும் தாதிமை இல்லத்திலோ வேலை பார்த்துவிட்டு வாருங்கள். நோயாளிப் பதிவு முகப்பில் நின்ற அனுபவம்கூடப் போதும். வகுப்பில் பேசப்படும் ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு முகம் மனத்தில் தோன்றினால்தான் படிப்பு ஒட்டும்.

படிப்பைத் தேர்ந்தெடுத்தல்

பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்பு மக்கள்தொகை முழுவதன் நலனைப் பார்க்கும். தொற்றுநோயியல், புள்ளியியல், சுகாதாரக் கொள்கை ஆகியவை அதில் கனமாக இருக்கும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் சோ சுவீ ஹாக் பொதுச் சுகாதாரப் பள்ளியில் இதைப் படிக்கலாம். நோயாளி பாதுகாப்பு, பராமரிப்பின் தரம் ஆகியவற்றை மட்டும் ஆழமாகப் படிக்க விரும்புவோருக்கு டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளி முதுநிலைப் படிப்பு வழங்குகிறது. முதியோர் பராமரிப்பில் நாட்டம் உள்ளவர்கள் சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தின் முதுமையியல் முதுநிலைப் படிப்பை ஒதுக்கிவிட வேண்டாம். 2030ஆம் ஆண்டுவாக்கில் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதை எட்டியோ தாண்டியோ இருப்பார் என்ற நிலையில், நிர்வாகிகள் மிகவும் தேவைப்படும் இடம் அதுவாகத்தான் இருக்கும். வணிக நிர்வாக முதுநிலைப் படிப்பு உத்தியிலும் நிதியிலும் வலுவான அடித்தளம் தரும். ஆனால் சுகாதாரத் துறையைப் பற்றிய பாடங்கள் அதில் எத்தனை உள்ளன என்பதை எண்ணிப் பார்த்துச் சேருங்கள். இரண்டு ஆண்டுகள் ஒதுக்க முடியாதவர்களுக்குப் பட்டமேற்படிப்புச் சான்றிதழும் பட்டயமும் உண்டு. சிலவற்றை முடித்தபின் அந்தப் பாடங்களை முதுநிலைப் பட்டத்துக்கு வரவு வைத்துக்கொள்ள முடியும். முடியுமா என்பதைச் சேர்வதற்கு முன்பே எழுத்து வடிவில் கேட்டுப் பெறுங்கள்.

பாடத்திட்டத்தைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது களப்பயிற்சி. உண்மையான ஒரு பிரிவில், உண்மையான ஒரு சிக்கலை எடுத்து, பல வாரங்கள் வேலை செய்ய இடம் இருக்கிறதா? அடுத்ததாக, கற்பிப்பவர்களில் எத்தனை பேர் இன்றும் மருத்துவமனையிலோ, பொது மருத்துவமனைகள் பல சேர்ந்த குழுமத்தின் தலைமையகத்திலோ பணியில் உள்ளவர்கள்? மூன்றாவதாக, உடன் படிப்பவர்கள் யார்? என் வகுப்பில் ஓர் உணவியல் நிபுணரும், ஆம்புலன்ஸ் சேவையில் இருந்தவரும், கொள்முதல் அதிகாரியும் இருந்தார்கள். அவர்களிடமிருந்து கற்றது விரிவுரைகளில் கற்றதற்குக் குறைந்ததில்லை.

பணமும் நேரமும்

கட்டணம் ஆண்டுக்காண்டு மாறுவதால் தொகையைப் பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்திலேயே பாருங்கள். முதலில் அணுக வேண்டியவர் உங்கள் மேலதிகாரி. பொது மருத்துவமனைகளில் ஊழியர் மேற்படிப்புக்கு நிதியுதவி உண்டு. அதற்கு ஈடாகப் படிப்பு முடிந்தபின் குறிப்பிட்ட காலம் அதே குழுமத்தில் பணியாற்ற ஒப்பந்தம் செய்ய வேண்டியிருக்கும். எத்தனை ஆண்டுகள், இடையில் விலகினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும், அந்தக் காலத்தில் பிரிவு மாற்றம் கேட்கலாமா என்ற மூன்றையும் கேட்காமல் கையெழுத்திடாதீர்கள். சிங்கப்பூரர்களில் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 2024 மே மாதம் முதல் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற அரசாங்கத் திறன் மேம்பாட்டுத் திட்டக் கணக்கில் 4,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கூடுதலாக வழங்கப்பட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட படிப்புகளுக்கு மட்டுமே அது செல்லும் என்பதால், உங்கள் படிப்பு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து முழுநேரமாகப் படிக்க வருபவர்களுக்கு மாணவர் அட்டை தேவை. பல்கலைக்கழகம் இடம் கொடுத்த பிறகு, குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தின் இணையவழி முறையில் அதற்கு விண்ணப்பிக்கலாம்.

நேரத்தைப் பற்றி ஒன்று மட்டும். சுழற்சி முறையில் வேலை செய்யும் தாதியரும் மற்றவர்களும், பருவம் தொடங்குவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே வகுப்பு அட்டவணையைப் பணி அட்டவணை போடுபவரிடம் கொடுத்துவிட வேண்டும். கடைசி நேரத்தில் பணிநாளை மாற்றிக்கொள்ளக் கேட்டால், சக ஊழியர்களுக்குப் பட்ட கடன் படிப்பு முடியும்வரை தீராது.

விண்ணப்பக் கட்டுரை

"மக்களுக்குச் சேவை செய்ய விரும்புகிறேன்" என்று தொடங்கும் கட்டுரைகள் தேர்வுக் குழுவின் மேசையில் அடுக்கடுக்காகக் கிடக்கும். நீங்கள் நேரில் கண்ட ஒரு சிக்கலிலிருந்து தொடங்குங்கள்: எங்கே நடந்தது, யார் பாதிக்கப்பட்டார், நீங்கள் என்ன செய்து பார்த்தீர்கள், எதைச் செய்ய உங்களுக்கு அறிவு போதவில்லை. அந்தக் கடைசிப் பகுதிதான் படிப்பின் தேவையை உணர்த்தும். பரிந்துரைக் கடிதத்தைப் பதவியில் மிக உயர்ந்தவரிடம் கேட்பதைவிட, உங்கள் வேலையை அருகிலிருந்து பார்த்தவரிடம் கேட்பது நல்லது.

வகுப்பு தொடங்கும் முன் நம் அமைப்பைக் கற்றுக்கொள்ளுங்கள்

பாடப்புத்தகங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவையோ பிரிட்டனையோ மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. சிங்கப்பூரில் பணம் வரும் வழி வேறு, பொறுப்பு பிரிக்கப்பட்டிருக்கும் விதம் வேறு. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால், வகுப்பில் கேட்பதை உடனுக்குடன் நம் ஊருக்குப் பொருத்திப் பார்க்கலாம். ஒரு மாத மாலைப்பொழுதுகளை இதற்கு ஒதுக்குங்கள்.

முதலில் நோயாளியின் பையிலிருந்து தொடங்குவோம். மெடிசேவ் 1984இல் வந்தது. கட்டாயச் சேமிப்பான மத்திய சேம நிதியில் ஒவ்வொருவரும் தமக்காகச் சேர்க்கும் மருத்துவச் சேமிப்பு அது. 1990இல் வந்த மெடிஷீல்டு, பெரிய மருத்துவமனைச் செலவுகளுக்கான காப்புறுதி. 2015 நவம்பரில் அது மெடிஷீல்டு லைஃப் ஆனபோது, ஏற்கெனவே நோயுள்ளவர்கள் உட்படக் குடிமக்கள், நிரந்தரவாசிகள் அனைவருக்கும் வாழ்நாள் முழுவதும் செல்லும் திட்டமாக விரிந்தது. இவற்றுக்குப் பிறகும் கட்ட முடியாதவர்களுக்காக 1993இல் தொடங்கியது மெடிஃபண்டு. நீண்டகாலப் பராமரிப்புக்கு 2020இல் கேர்ஷீல்டு லைஃப் வந்தது. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் அரசாங்க மானியம் கழிக்கப்படுகிறது. மானியம் மிக அதிகமுள்ள சி வகுப்பு வார்டில் வருமானத்தைப் பொறுத்து 80 விழுக்காடு வரை மானியம் உண்டு. உங்கள் வீட்டில் யாராவது மருத்துவமனையில் இருந்திருந்தால், அந்தக் கட்டண அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு, மானியம், காப்புறுதி, மெடிசேவ், ரொக்கம் என்று ஒவ்வொரு வரியாக விளக்கிப் பாருங்கள். விளக்க முடியாத வரி எதுவோ, அதுவே நீங்கள் படிக்க வேண்டிய அடுத்த பாடம்.

அடுத்து மருத்துவமனையின் பக்கம். பொது மருத்துவமனைகளும் பலதுறை மருந்தகங்களும் 2017இல் அறிவிக்கப்பட்ட மறுசீரமைப்பின்படி மூன்று குழுமங்களுக்குள் வந்தன: கிழக்கே சிங்ஹெல்த், மத்தியிலும் வடக்கிலும் தேசியச் சுகாதாரப் பராமரிப்புக் குழுமம், மேற்கே தேசியப் பல்கலைக்கழகச் சுகாதாரக் குழுமம். ஒவ்வொன்றிலும் பெரிய மருத்துவமனைகள், சமூக மருத்துவமனைகள், பலதுறை மருந்தகங்கள், ஒரு மருத்துவப் பள்ளியோடு தொடர்பு என எல்லாம் இருக்கும். இந்த ஏற்பாட்டின் நோக்கமே கைமாறும் இடங்கள் ஒரே நிர்வாகத்தின் கீழ் வர வேண்டும் என்பதுதான் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

பணம் தரும் முறையும் அதே திசையில் மாறியது. முன்பு மருத்துவமனை எத்தனை பேருக்கு என்னென்ன சிகிச்சை அளித்தது என்பதே நிதிக்கு முக்கிய அடிப்படையாக இருந்தது. இப்போது ஒவ்வொரு குழுமத்துக்கும் அதன் வட்டாரத்தில் வாழும் மக்கள் எண்ணிக்கைக்கு ஏற்ப, தலைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே வகுத்துத் தரும் முறைக்கு மாறியுள்ளது. இதன் பொருளைச் சற்று நின்று யோசியுங்கள். பழைய முறையில் நோயாளி வந்தால் வருமானம். புதிய முறையில் அவர் நோயுறாமல் வீட்டிலேயே நலமாக இருந்தால்தான் குழுமத்துக்கு மிச்சம். 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் ஒரே குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்வதும், 2024 ஏப்ரல் முதல் பொது மருத்துவமனைகளில் முறையான சேவையாகிவிட்ட வீட்டிலேயே மருத்துவமனைச் சிகிச்சை பெறும் ஏற்பாடும் இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால்தான் முழுதாக விளங்கும். நேர்காணலில் இதைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் உள்ள வேறுபாட்டை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

பாடங்களை அணுகும் விதம்

நிதிப் பாடத்தில் பலர் அஞ்சுவது கூட்டல் கழித்தலுக்காக. உண்மையில் கடினமானது, எந்தச் செலவு நிலையானது, எது மாறுவது என்று பிரித்தறிவது. ஒரு நோயாளி ஒரு நாள் முன்னதாக வீடு திரும்பினால் மருத்துவமனைக்கு எவ்வளவு மிச்சம்? தாளில் படுக்கைக் கட்டணம் முழுவதும் மிச்சம் என்று தோன்றும். ஆனால் தாதியரின் சம்பளமும் கட்டடச் செலவும் அன்றும் இருக்கும். குறைவது உணவும் மருந்தும் துணி வெளுப்பும் மட்டும். அந்தப் படுக்கையில் வேறொருவர் வந்து படுத்தால்தான் உண்மையான பயன். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

புள்ளியியலில் சராசரியை நம்பி ஏமாறாதீர்கள். பத்து நோயாளிகளில் ஒன்பது பேர் 3 நாள் தங்கி, ஒருவர் 33 நாள் தங்கினால், சராசரி 6 நாள். அந்த வார்டில் 6 நாள் தங்கியவர் ஒருவர்கூட இல்லை. நாள்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் நடு எண் 3 என்பதுதான் வழக்கமான நோயாளியைக் காட்டுகிறது. அந்த 33 நாள் நோயாளி ஏன் அவ்வளவு நாள் இருந்தார் என்பது தனியே ஆராய வேண்டிய கதை. பெரும்பாலும் அவர் சிகிச்சை முடிந்தும், தாதிமை இல்லத்தில் இடத்துக்காகவோ வீட்டில் பார்த்துக்கொள்ளும் பணிப்பெண் வந்து சேர்வதற்காகவோ காத்திருப்பவராக இருப்பார்.

செயல்பாட்டு மேலாண்மையே இந்தப் படிப்பின் இதயம் என்பது என் கருத்து. அதில் இரண்டு கணக்குகளை நன்றாகப் பழகுங்கள். முதலாவது, ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதி: ஓர் இடத்தில் சராசரியாக இருப்பவர்களின் எண்ணிக்கை, ஒரு நாளில் உள்ளே வருபவர்களின் எண்ணிக்கையை ஒவ்வொருவரும் தங்கும் நாள்களால் பெருக்கினால் வருவது. 40 படுக்கைகள் நிறைந்த வார்டில் சராசரியாக 5 நாள் தங்கினால், ஒரு நாளில் 8 பேரைச் சேர்க்கலாம். தங்கும் காலத்தை அரை நாள் குறைத்து நாலரை நாளாக்கினால், ஏறத்தாழ 9 பேரைச் சேர்க்கலாம். ஒரு செங்கல்கூட வைக்காமல் மாதத்துக்கு 26 பேருக்கு மேல் கூடுதலாக இடம் கிடைக்கிறது.

இரண்டாவது, வரிசைக் கணக்கு. ஒரே ஒரு முகப்பு உள்ள எளிய வரிசையில், ஆட்கள் ஒழுங்கில்லாமல் வரும்போது, முகப்பு 80 விழுக்காட்டு நேரம் வேலையில் இருந்தால் ஒருவர் சராசரியாகக் காத்திருக்கும் நேரம், ஒருவரைக் கவனிக்க ஆகும் நேரத்தைப்போல் 4 மடங்கு. 90 விழுக்காடு என்றால் 9 மடங்கு. 95 என்றால் 19 மடங்கு. மருத்துவமனை இதைவிடச் சிக்கலானது; ஆனால் வளைவின் வடிவம் இதேதான். படுக்கைகள் நிரம்பி வழியும் வேளையில் "இன்னும் சற்று வேகமாக வேலை செய்யுங்கள்" என்று ஊழியரை நெருக்குவதால் ஏன் பயனில்லை என்பதை இந்த மூன்று எண்களும் எனக்கு விளக்கின. அன்று இரவு வகுப்பு முடிந்து எம்ஆர்டி ரயிலில் போகும்போது, பல ஆண்டுகளாக என்மேல் நானே சுமத்திக்கொண்டிருந்த குற்ற உணர்வு ஒன்று இறங்கியதை நினைத்துப் பார்க்கிறேன்.

தரத்தைப் பற்றிய பாடத்தில் பராமரிப்புத் தர ஆய்வாளர் அவெடிஸ் டோனபீடியன் 1966இல் வகுத்த கட்டமைப்பு (ஆட்கள், கருவிகள்), செயல்முறை (வேலை நடக்கும் விதம்), விளைவு (நோயாளிக்குக் கிடைத்த பலன்) என்ற மூன்று பிரிவுகள் வரும். எந்தச் சிக்கலையும் இம்மூன்றில் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பழகுங்கள். அதற்குமேல் அதைப் பற்றி இங்கு நீட்ட வேண்டியதில்லை.

ஒரு நோயாளியின் பின்னால் ஒரு நாள்

முதல் பருவத்திலேயே, மேலாளரின் அனுமதியோடும் நோயாளியின் சம்மதத்தோடும், ஒருவரை ஒரு நாள் முழுவதும் பின்தொடருங்கள். ஒரு குறிப்பேடும் கைக்கடிகாரமும் போதும். எந்த நேரத்தில் என்ன நடந்தது, அடுத்து யாருக்காகக் காத்திருந்தார் என்று மட்டும் எழுதுங்கள். குறை காண வேண்டாம், காரணம் தேட வேண்டாம். அது பிறகு.

நான் பின்தொடர்ந்தவர் எழுபது வயதைக் கடந்த ஒரு தமிழ்ப் பெரியவர். காலை 10.10க்கு மருத்துவர் "இன்று வீட்டுக்குப் போகலாம்" என்றார். பெரியவர் உடனே சட்டையை மாற்றிக்கொண்டு, காலணியும் போட்டுக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். மருத்துவக் குறிப்பு எழுதி முடிந்தபோது 11.40. மருந்துச் சீட்டு மருந்தகத்தைச் சேர்ந்தது 12.30. அந்த வழியாகப் போன ஒவ்வொரு தாதியிடமும் "மிஸ்ஸி, மருந்து வந்திருச்சாம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மருந்து வந்தது 2.15க்கு. மகன் வேலையிலிருந்து வந்து, கட்டண விவரம் கேட்டு, சக்கர நாற்காலி கிடைத்து, அவர் வார்டை விட்டு இறங்கியது 4.20க்கு. ஆறு மணி நேரமும் பத்து நிமிடமும். என் குறிப்பேட்டைக் கூட்டிப் பார்த்தபோது, யாராவது ஒருவர் அவருக்காக உண்மையில் வேலை செய்த நேரம் ஒன்றேகால் மணிக்கும் குறைவு. மீதி முழுவதும் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும் இடைவெளி. அதே நேரத்தில் கீழே அவசர சிகிச்சைப் பிரிவில் இந்தப் படுக்கைக்காக வேறொருவர் காத்திருந்தார்.

இன்னொன்றும் நடந்தது. மருந்துகளை விளக்க வந்தவர் ஆங்கிலத்தில் சொல்ல, பெரியவர் தலையை ஆட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "ஐயா, வீட்டில் இருக்கிற பழைய மாத்திரையை என்ன செய்வீங்க?" என்று தமிழில் கேட்டேன். "அதையும் சேர்த்துத்தானம்மா போடணும்?" என்றார். பழைய பெட்டியில் இருந்ததும் புதிதாகக் கொடுத்ததும் ஒரே இரத்த அழுத்த மருந்து. பெட்டியும் பெயரும்தான் வேறு. எல்லாப் படிவங்களிலும் "நோயாளிக்கு விளக்கப்பட்டது" என்று குறியிடப்பட்டிருந்தது. விளக்கப்பட்டது உண்மை, புரிந்ததா என்று கேட்கும் கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை. நோயாளியைத் தம் சொற்களிலேயே திருப்பிச் சொல்லச் சொல்வது என்ற எளிய முறை இதற்காகவே உலகெங்கும் கற்பிக்கப்படுகிறது. தமிழோ மலாயோ ஹொக்கியனோ மட்டும் பேசும் முதியவர்கள் வாழும் இந்த ஊரில், மொழியும் ஒரு கைமாறும் இடம் என்பதை வருங்கால நிர்வாகிகள் மறக்கக் கூடாது. உங்கள் தமிழ் இந்தப் படிப்பில் ஒரு தகுதி. அதைத் தன்விவரக் குறிப்பில் எழுதத் தயங்காதீர்கள்.

தலைமைத்துவத்தைப் படிக்க இரண்டு நிகழ்வுகள்

தலைமைத்துவ வகுப்பில் பல கோட்பாடுகள் வரும். அவற்றை உரசிப் பார்க்க நம் ஊரிலேயே நடந்த இரண்டு நிகழ்வுகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் பொது ஆவணங்கள் நிறைய உள்ளன.

2003இல் சார்ஸ் என்ற கடும் சுவாசத் தொற்றுநோய் பரவியபோது சிங்கப்பூரில் 238 பேர் பாதிக்கப்பட்டு 33 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் இருவர் சுகாதாரப் பராமரிப்பு ஊழியர்கள். மார்ச் மாதத்தில் டான் டோக் செங் மருத்துவமனை சார்ஸ் நோயாளிகளுக்கென ஒதுக்கப்பட்டது. ஆனால் அங்கே முன்பு சிகிச்சை பெற்றிருந்த ஒருவர், வேறு நோய்களின் அறிகுறிகளோடு இன்னொரு மருத்துவமனையில் சேர்ந்தபோது, தொற்று அவருடன் அங்கும் போனது. அதற்குப் பிறகு ஊழியர்களும் நோயாளிகளும் மருத்துவமனைகளுக்கிடையே மாறுவது கட்டுப்படுத்தப்பட்டது. ஊழியர்கள் நாள்தோறும் உடல் வெப்பநிலையைப் பதிவு செய்தார்கள். குறைவான தகவலோடு, நாளை தவறாகிப் போகக்கூடிய முடிவை இன்றே எடுப்பது எப்படி, அதை ஊழியர்களிடம் மறைக்காமல் சொல்வது எப்படி என்ற கேள்விகளோடு அந்த நாள்களின் வரிசையைப் படித்துப் பாருங்கள்.

இரண்டாவது, 2018இல் சிங்ஹெல்த் குழுமத்தின் கணினிக் கட்டமைப்பில் நடந்த இணைய ஊடுருவல். 15 லட்சம் நோயாளிகளின் தனிப்பட்ட விவரங்களும், அவர்களில் ஏறத்தாழ 160,000 பேரின் மருந்து விவரங்களும் களவாடப்பட்டன. விசாரணைக் குழு 2019 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை 16 பரிந்துரைகளை முன்வைத்தது. அறிக்கையைத் தொழில்நுட்ப ஆவணமாகப் படிப்பவர்கள் அதன் பாதியை இழக்கிறார்கள். சந்தேகத்துக்குரிய அறிகுறிகளைக் கீழ்நிலை ஊழியர் சிலர் முன்னரே கண்டிருந்தார்கள்; உரிய நேரத்தில் அது மேலே போய்ச் சேரவில்லை. ஏன் போகவில்லை என்பதுதான் தலைமைத்துவப் பாடம். கெட்ட செய்தியைக் கொண்டு வருபவரை உங்கள் முகம் எப்படி வரவேற்கிறது என்பதைப் பொறுத்தே அடுத்த கெட்ட செய்தி உங்களிடம் வரும் நேரம் அமையும். நம்மவர்கள் பெரியவர்கள்முன் மறுத்துப் பேசாமல் வளர்ந்தவர்கள். குழுப் பயிற்சிகளில் எதிர்க்கருத்தை மரியாதையோடு, ஆனால் முழுதாகச் சொல்லப் பழகுங்கள். வகுப்பறையில் வராத துணிவு வார்டில் வராது.

இறுதிச் செயல்திட்டம்

தலைப்பைச் சிறிதாக எடுங்கள். "மருத்துவமனையின் படுக்கை நெருக்கடி" என்பது தலைப்பாகாது. "ஒரு வார்டில், மருத்துவர்கள் நோயாளிகளைப் பார்க்கும் காலைச் சுற்றுக்கும் மருந்துச் சீட்டு மருந்தகத்தைச் சேர்வதற்கும் இடையிலான நேரம்" என்பது தலைப்பு. தொடங்குமுன் ஆய்வு நெறிமுறைக் குழுவிடம் அனுமதி தேவையா என்று கேளுங்கள். தரமேம்பாட்டுப் பணி என்பதால் விலக்கு உண்டு என்றால், அந்த விலக்கைக் குழுவிடமிருந்தே எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். நோயாளியின் பெயர், அடையாள அட்டை எண் எதுவும் உங்கள் மடிக்கணினிக்கு வரக் கூடாது. 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை ஒரு முறையாவது படித்திருங்கள்.

மாற்றத்துக்கு முன் குறைந்தது நான்கு வாரத் தரவு எடுத்து வையுங்கள். எனக்கு அது இரண்டு வாரமே கிடைத்தது. அதில் ஒன்று சீனப் புத்தாண்டு வாரம். ஒப்பிட அடித்தளமே இல்லாமல் போய், மறுபடி முதலிலிருந்து அளக்க வேண்டியதாயிற்று. பிறகு ஒரே ஒரு மாற்றத்தைச் செய்யுங்கள். நாங்கள் செய்தது, மறுநாள் வீடு திரும்பக்கூடியவர்களின் மருந்துச் சீட்டை முதல்நாள் மாலையே தயாரிப்பது. மருந்தாளர் முதலில் உடன்படவில்லை: இரவில் சிகிச்சை மாறினால் தவறான மருந்து போய்விடும் என்றார். அவர் சொன்னது சரி. அதனால் காலையில் மருத்துவர் ஒருமுறை சரிபார்த்து உறுதி செய்யும் படி ஒன்றைச் சேர்த்தோம். எதிர்ப்பவரிடம்தான் பெரும்பாலும் திட்டத்தின் ஓட்டையைப் பற்றிய அறிவு இருக்கும். அவரைக் குழுவுக்குள் கொண்டு வாருங்கள்.

வேலை தேடும் கட்டம்

மருத்துவமனைகளில் செயல்பாட்டு நிர்வாகி, தரமேலாண்மை, நிதி, நோயாளி அனுபவம், மக்கள்நலத் திட்டங்கள் எனப் பல பிரிவுகளில் இடங்கள் உண்டு. சுகாதார அமைச்சு, ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு, சுகாதார மேம்பாட்டு வாரியம், சுகாதாரத் தொழில்நுட்ப நிறுவனமான சினாப்ஸ் ஆகியவையும் ஆட்களை எடுக்கின்றன. தொண்டு நிறுவனங்கள் நடத்தும் தாதிமை இல்லங்களைப் பலர் எண்ணிப் பார்ப்பதே இல்லை. அங்கே குழு சிறியது என்பதால், பெரிய மருத்துவமனையில் ஐந்தாண்டுகள் கழித்துக் கிடைக்கும் பொறுப்பு முதலாண்டிலேயே கைக்கு வரும்; நிதி, ஆள்சேர்ப்பு, உணவு, குடும்பத்தாரின் குறைகள் என எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் பார்ப்பீர்கள்.

நேர்காணலுக்கு உங்கள் செயல்திட்டத்தின் ஒரு பக்கச் சுருக்கத்தை எடுத்துப் போங்கள்: மாற்றத்துக்கு முன் ஓர் எண், பின் ஓர் எண், இடையில் என்ன செய்தீர்கள், எது பலிக்கவில்லை. வேலை கிடைத்து முதல் வாரத்தில், உங்கள் அலுவலக அறைக்குப் போவதற்கு முன், காலை ஏழு மணிக்கு இரவுப் பணித் தாதி பகல் பணித் தாதியிடம் நோயாளிகளை ஒப்படைக்கும்போது அந்த வார்டில் போய் நில்லுங்கள். கையில் எதுவும் வேண்டாம். யாராவது கேட்டால், கற்றுக்கொள்ள வந்திருக்கிறேன் என்று சொல்லுங்கள்.